ஓய்வு நிலை

காலையில் எழுந்தவுடன் பார்க்கணும் என்பான் டென்சிங்.
எழுந்தவுடன் இல்லை, எழுவதற்கு முன்.
கண் திறக்கலாம், கால் ஊன்றக் கூடாது.
காபி கூடாது. பேச்சு கூடாது.
ஐந்து நிமிடம் அப்படியே கிடந்த பிறகு
கைக்கடிகாரம் காட்டுகிற எண்தான் எண்.

அவனுடையது ஐம்பத்து நான்கு.

உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை
ஓடிவிட்டு வந்து
சுக்குக் காபி சைக்கிளைச் சுற்றி நின்று
இதைத்தான் பேசுகிறார்கள்.
பாஸ்கலுக்கு நாற்பத்தொன்பது. இந்த வருடம் அவன்தான் ராஜா.
உமாபதி சாருக்கு ஐம்பத்தெட்டு,
ஆனால் அது பிரஷர் மாத்திரை போட்ட ஐம்பத்தெட்டு,
பிட் அடித்து எழுதிய பரிட்சை, சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.
குறைவாக எடுத்தவன் முதலில் வரும் ஒரு பரிட்சையை
நாற்பது வயதுக்கு மேல் கண்டுபிடித்திருக்கிறார்கள்
கணக்கில் எப்போதும் குறைவாகவே எடுத்தவர்கள்.

உனக்கு எவ்வளவு என்றான் ஒருநாள்.
கையெல்லாம் பாத்திர நுரை எனக்கு.

வியாசர்பாடி ஜீவாவில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து
எல்லாவற்றையும் எண்ணுகிறவள் நான்.
ஈரப் பத்து ரூபாய், ஒட்டுப்போட்ட இருபது,
செல்லாது என்று கடைக்காரர்கள் தள்ளும் நாணயம்.
ஷிப்ட் முடிவில் ஒரு ரூபாய் குறைந்தாலும்
என் பையிலிருந்து போட்டு நேர் செய்கிறேன்.
இதை மட்டும் எண்ணிப் பார்த்ததே இல்லை.

மறுநாள் கிடந்து பார்த்தேன்.
மணிக்கட்டில் கிடைக்கவில்லை, கழுத்தில் கிடைத்தது.
பதினேழில் தண்ணி லாரி ஹார்ன் அடித்தது.
அடுத்த நாள் முப்பத்திரண்டில் எதிர் வீட்டு மிக்சி.
மூன்றாம் நாள் யாரும் கெடுக்கவில்லை,
எண்ணுகிறேன் என்ற நினைப்பிலேயே அது ஓடத் தொடங்கியது,
கேமராவுக்குச் சிரிக்கச் சொன்னால்
சிரிப்பு கோணுமே, அதுபோல.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை. நல்ல மழை.
வியர்குரு அரிக்கிறதென்று கடிகாரத்தைக் கழற்றி
பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுத் தூங்கினான்.
நான் கட்டிக்கொண்டேன். கடைசி ஓட்டைக்கும் முந்திய ஓட்டை.
விடிவதற்குள் எடுத்த இடத்தில் வைத்தும்விட்டேன்.

எண்பத்தொன்று.

அவன் போன் அவனைக் கேட்டது:
வழக்கத்தைவிட இருபத்தேழு அதிகம்,
உடம்பு சரியில்லையா? இன்று ஓய்வெடுங்கள்.

அத்தனை பேரிடமும் காட்டினான்.
உமாபதி சார் பயமுறுத்தினார்.
முந்நூறு ரூபாய் கொடுத்து ஓட்டேரியில் ஈசிஜி எடுத்து
அந்த ரோஸ் தாளை மடிக்காமல் கொண்டுவந்தான்.
ஒன்றுமில்லையாம், இருந்தாலும் இரண்டு நாள் ஓட வேண்டாமாம்.
ரசம் ஊற்றினேன். சொல்லவில்லை.
இன்றைக்கு ஓய்வெடுங்கள் என்றது
யாரைப் பார்த்து என்று எனக்குத் தெரியும்,
இருந்தும் இரண்டு மணி ஷிப்டுக்குப் போனேன்.

மாதக் கடைசியில் அவன் சராசரி ஐம்பத்தைந்து.
பாஸ்கல் சிரித்தானாம்.
எங்கிருந்து வந்ததடா இந்த ஒன்று என்று
கட்டங்களை விரலால் தள்ளித் தள்ளித் தேடுகிறான்.
கல்யாணமாகி பதினெட்டு வருடத்தில்
அவன் கணக்கில் நான் ஏறியது அவ்வளவுதான்,
அதையும் நோய் என்று நினைத்துக்கொண்டான்.

ஓடாத அந்த இரண்டு நாளும்
நாலரை மணிக்கு விழித்துக் கிடந்தான்.
கடிகாரத்தின் மேல் நம்பிக்கை போய்
கழுத்தில் விரல் வைத்து முணுமுணுத்தான்.
நானும் வைத்தேன், போர்வைக்குள்.
அவன் இரண்டு சொல்வதற்குள் நான் மூன்று,
அவன் நாலு, நான் ஆறு.
ஒன்று சேர்கிறது, விலகுகிறது, மறுபடி சேர்கிறது.
இவ்வளவு சுத்தமாக
எங்கள் இருவருக்குள் எந்தக் கணக்கும் வந்ததில்லை.
சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

பேசக் கூடாது என்று கை காட்டினான்,
நாற்பத்தோராவது துடிப்பில் இருந்தான் போல.

லாரி வந்துவிட்டது.
காலை ஊன்றினேன்.